நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டால்? வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: கர்ப்பப்பையில் பிள்ளையோடு வளர்கிற நஞ்சு, அதாவது பிளசென்டா, கீழே இறங்கிப் பழைய சிசேரியன் தழும்பில் ஒட்டிக்கொள்வது. அதனால் சர்க்கரை, தைராய்டு கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். இதைத் தள்ளிப்போட முடியாது, கேட்டவர்களில் ஒருவருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 31 வயது, தேவகோட்டைப் பக்கம். முதல் இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இப்போது மூன்றாவது, 26 வாரம் ஆகிறது. நஞ்சு கீழே இறங்கி, கர்ப்பவாயை மூடி, பழைய தழும்பு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, ‘அக்ரீட்டா சந்தேகம்’ என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். இங்கே பார்க்கிற டாக்டரே மதுரைக்குப் போகச் சொல்கிறார். என் மாமியாரோ, இரண்டு பிள்ளையையும் நல்லபடியாக எடுத்த கைராசி இருக்கும்போது ஊர் ஊராக ஏன் அலைய வேண்டும் என்கிறார். 38வது வாரத்தில் நல்ல நாளும் பார்த்துவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: மதுரைக்குப் போங்கள் அம்மா. அடுத்த மாதம் இல்லை, இந்த வாரமே போய்ப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

நம்மூரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மொட்டைமாடிக் காரையில் ஒரு விரிசல் விழுந்திருக்கும், காக்கை போட்ட அரச விதை அதில் முளைத்திருக்கும். ஒரு சாண் செடிதானே என்று யாராவது பிடித்து இழுத்தால் செடி மட்டும் வராது, வேர் பிடித்த காரையும் செங்கலும் சேர்ந்து பெயர்ந்து வரும். அனுபவப்பட்ட கொத்தனார் அதை இழுக்கவே மாட்டார். நஞ்சு தழும்பில் ஒட்டுவதும் இப்படித்தான். சாதாரணமாக நஞ்சுக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவே மெல்லிய ஜவ்வு மாதிரி ஒரு படலம் இருக்கும். பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்க, அந்தப் படலத்தோடு நஞ்சு தானாகப் பிரிந்து விழும், சுருங்குகிற தசைநார்களே திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து மூடிவிடும். கத்தி பட்டு ஆறிய தழும்பில் அந்தப் படலம் சரியாக வளர்வதில்லை. அங்கே போய் நஞ்சு உட்கார்ந்தால் நேராகத் தசையில் வேர்விடுகிறது. மேலோடு ஒட்டினால் அக்ரீட்டா, தசைக்குள் புகுந்தால் இன்க்ரீட்டா, தசையையும் தாண்டி வெளியே வந்து மூத்திரப்பை வரைக்கும் பற்றினால் பெர்க்ரீட்டா.

இது ஏதோ அபூர்வமான வியாதி என்று முன்பெல்லாம் சொல்லிவந்தோம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தழும்பு கூடக் கூட இதுவும் கூடும். 2006ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, முப்பதாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்துப் பார்த்தது. நஞ்சு கர்ப்பவாயை மூடியிருக்கிற பெண்ணுக்கு முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் 100க்கு 11 பேருக்கும், இரண்டு ஆகியிருந்தால் 40 பேருக்கும், மூன்று ஆகியிருந்தால் 61 பேருக்கும் நஞ்சு இப்படி ஒட்டியிருந்தது. உங்களுக்கு இரண்டு. அதாவது ஸ்கேனில் ‘சந்தேகம்’ என்று எழுதாமல் விட்டிருந்தால்கூட நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அடுத்து ரத்தக் கணக்கு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. ரத்ததானத்தில் நம்மிடம் எடுக்கிற ஒரு பை 350 மில்லிதான். ஒட்டியிருக்கிற நஞ்சைப் பிய்த்தால் நிமிடத்துக்கு இரண்டு பை வரைக்கும் போகக்கூடும். ஒரு தாயின் உடம்பில் அந்த நேரத்தில் மொத்தமே ஆறு லிட்டர் அளவுதான் இருக்கும். கைராசிக்கார டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தில் இரண்டு கை போதாது. கூடவே மயக்க மருந்து டாக்டர்கள், மூத்திரப்பையில் ஆப்பரேஷன் செய்யத் தெரிந்த யூராலஜி டாக்டர், குறைமாதப் பிள்ளையைப் பார்க்கிற ஐசியு, கேட்ட நிமிடத்தில் ரத்தம் கொடுக்கிற ரத்த வங்கி, எல்லாம் ஒரே கட்டடத்தில் வேண்டும். உங்கள் டாக்டர் கைவிட்டதாக நினைக்காதீர்கள். தன்னிடம் எது இல்லை என்று தெரிந்து முன்கூட்டியே அனுப்புகிறாரே, அவரை நான் மதிக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு சின்ன மருத்துவமனையில் மூன்றாவது சிசேரியனுக்கு உதவிக்கு நின்றேன். ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாக எழுதியிருந்தார்கள், தழும்பைப் பற்றி ஒரு வரி இல்லை, நாங்களும் கேட்கவில்லை. வயிற்றைத் திறந்தபோது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி ஊதா நிறத்தில் புடைத்து, மேலே விரல் தடிமனுக்கு ரத்தக்குழாய்கள் ஓடின. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பிள்ளையை எடுத்தோம், நஞ்சு வரவில்லை, பெரிய டாக்டர் கையை உள்ளே விட்டுப் பிரிக்கப் பார்த்தார். அதற்கப்புறம் நடந்தது இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. ரத்தம் 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காரில் வந்தது. அந்தத் தாய் பிழைத்தார், ஆனால் கர்ப்பப்பை போய், மூத்திரப்பை கிழிந்து, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். வாசிக்கிற இளம் டாக்டர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வயிற்றைத் திறந்த பிறகு இது தெரிந்தால், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், கர்ப்பப்பையில் கத்தி வைக்காமல் அப்படியே நிறுத்தி உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்கலாம். வசதியே இல்லாத இடமென்றால் வயிற்றை மூடித் தைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். இன்றைய சிகிச்சை நெறிமுறைகளே இதைச் சொல்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள் விஷயம். 38வது வாரம் வேண்டாம். இந்த மாதிரிக் கர்ப்பத்தில் ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முன்பே, பகல் நேரத்தில், எல்லாரும் தயாராக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். அதற்குமேல் காத்திருந்தால் நடுராத்திரியில் ரத்தப்போக்கோடு ஆம்புலன்ஸில் ஓடவேண்டி வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளையின் நுரையீரல் பலப்படுவதற்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில நாள் பிள்ளை ஐசியுவில் இருக்கலாம், பயப்படாதீர்கள், 35 வாரப் பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடும். டாக்டர்கள் சொல்கிற வாரத்துக்குள் எந்தக் கிழமை என்று வேண்டுமானால் மாமியார் கேட்டுப் பார்க்கட்டும், அவர்களுக்கு முடிந்தால் செய்வார்கள். வாரத்தை மட்டும் ஜோசியரிடம் விடாதீர்கள்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டுமா? நஞ்சு ஆழமாகப் பற்றியிருந்தால் உலகம் முழுக்கப் பெரும்பாலான டாக்டர்கள் செய்வது இதுதான்: நஞ்சு இல்லாத மேல்பகுதியில் கர்ப்பப்பையைத் திறந்து பிள்ளையை எடுப்பார்கள், தொப்புள்கொடியைக் கட்டி நறுக்கி உள்ளேயே விட்டுவிடுவார்கள், நஞ்சைத் தொடவே மாட்டார்கள், திறந்த இடத்தைத் தைத்து, நஞ்சோடு சேர்த்துக் கர்ப்பப்பையை எடுப்பார்கள். கொத்தனார் செடியை இழுக்காமல் வேர் பிடித்த பாகத்தை முழுசாக வெட்டி எடுக்கிற மாதிரி. சில இடங்களில் இடுப்பு ரத்தக்குழாய்க்குள் முன்கூட்டியே பலூன் வைத்திருந்து, தேவைப்படும்போது ஊதி ரத்தத்தை மட்டுப்படுத்துவார்கள். மூத்திரக் குழாய்கள் அறுபடாமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய் போடுவதும் உண்டு. டிரானெக்ஸாமிக் ஆசிட் என்றொரு மருந்து இருக்கிறது, விலை குறைந்ததுதான். 2017ல் வெளியான 20,000 தாய்மார்களின் ஆய்வில், பிரசவ ரத்தப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தவர்களிடம் ரத்தப்போக்கால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதையும் கையில் வைத்திருப்பார்கள்.

கர்ப்பப்பையைக் காப்பாற்றும் வழிகளும் உண்டு. ஒட்டியிருப்பது சின்ன இடமென்றால் அந்தப் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பார்கள். இன்னொன்று, நஞ்சை உள்ளேயே விட்டுவிட்டு அது கரையும்வரை காத்திருப்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கரைய மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சீழ் பிடிக்கலாம், திடீரென்று ரத்தம் கொட்டலாம், கடைசியில் கர்ப்பப்பையை எடுக்கவேண்டியும் வரலாம். இன்னும் ஒரு பிள்ளை கட்டாயம் வேண்டும் என்பவர்கள், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அத்தனை மாதமும் தங்க முடிந்தவர்கள் மட்டும் இதைப் பற்றி டாக்டரோடு பேசலாம். உங்களுக்கு மூன்றாவது பிள்ளை. முடிவு உங்களுடையது, நான் உங்கள் தாயாராக இருந்தால் என்ன சொல்வேன் என்று கேட்டால், எடுத்துவிடு ஆத்தா, நீ முழுசாக வீட்டுக்கு வா என்பேன்.

அதுவரை: சொட்டு ரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே 108. இந்த ரத்தப்போக்கு பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும், வலியில்லையே என்று படுத்துவிடாதீர்கள். தாம்பத்திய உறவு வேண்டாம். நஞ்சு கீழே இருக்கிறது என்று சொல்லாமல் யாரையும் உள்ளே கைவிட்டுப் பரிசோதிக்க விடாதீர்கள். 32 வாரத்துக்கு மேல் மதுரையில் உறவுக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்விடுவது நல்லது. தேவகோட்டையிலிருந்து மதுரை, சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம்.

கேள்வி: டாக்டர், நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளத்தூரில் என் ஆத்தாவோடு இருக்கிறாள். இரண்டாவது கர்ப்பம், முதலாவது சிசேரியன். 20 வார ஸ்கேனில் ‘நஞ்சு தாழ்வாக இருக்கிறது’ என்று வந்திருக்கிறது. இணையத்தில் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. லீவு போட்டு வரவா?

பதில்: தம்பி, இப்போது வர வேண்டாம், லீவைப் பிரசவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 வாரத்தில் தாழ்வாகத் தெரிகிற நஞ்சு பத்தில் ஒன்பது பேருக்கு, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர, மேலே ஏறிவிடும். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு தழும்பு இருப்பதால் ஸ்கேன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “நஞ்சு பழைய தழும்பு மேல் இருக்கிறதா, இல்லையா?” முன்பக்கம் தாழ்வாக இருந்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற கலர் டாப்ளர் ஸ்கேனில் நஞ்சுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாக இருக்கிறதா, நஞ்சுக்குள் ரத்தக்குட்டைகள் மாதிரி ஓட்டைகள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 32 வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நஞ்சு பின்பக்கம் இருந்து சரியாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம், அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. முதல் சிசேரியன் எங்கே, எப்போது, எதற்காக என்ற டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது என்று உங்கள் ஆத்தாவுக்குத்தான் தெரிந்திருக்கும்.

சிசேரியன் ஆகி அடுத்து கர்ப்பமாகிறவர்கள் எல்லாரும் 6 முதல் 8 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. கருவே தழும்புக் குழியில் போய் உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரியும்.

கேள்வி: அக்காவுக்கு ஓ நெகட்டிவ். அடுத்த மாதம் இதே பிரச்சினையோடு சிசேரியன். கானாடுகாத்தான் பசங்க நாங்கள் பத்துப் பேர் ரத்தம் கொடுக்கத் தயார். நானும் மாமாவும் நேராக அக்காவுக்கே கொடுக்கலாமா? எத்தனை பை வேண்டியிருக்கும்?

பதில்: நல்ல மனசு. ஆனால் கூடப்பிறந்த நீங்கள் அக்காவுக்கே கொடுக்க வேண்டாம். நெருங்கிய ரத்த உறவின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் வாங்கியவர் உடம்பையே தாக்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், வந்தால் பிழைப்பது கஷ்டம். கணவர் ரத்தமும் பிள்ளை பெறுகிற வயதில் உள்ள மனைவிக்கு வேண்டாம், அடுத்த கர்ப்பத்தில் பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராக அவர் உடம்பு வேலை செய்யக்கூடும். நீங்கள் இரண்டு பேரும் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுங்கள், அது வேறு யாருக்காவது போகட்டும்.

ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சரியாகச் சேரும், அதுதான் இதில் சிக்கல். பத்துப் பேரில் அந்த குரூப் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுங்கள், எடுத்து ரத்த வங்கி டாக்டரிடம் பட்டியலாகக் கொடுங்கள். ஆப்பரேஷன் அன்று காலையில் வாசலில் நிற்பதைவிட ஒரு வாரம் முன்பே கொடுப்பது நல்லது, ஏனென்றால் கொடுத்த ரத்தத்தைச் சோதித்து, பிரித்து வைக்க நேரம் வேண்டும். சிவப்பணுக்களை ஐந்து வாரம்வரை குளிரில் வைத்திருக்கலாம், உறையவைத்த பிளாஸ்மா ஒரு வருடம் தாங்கும், பிளேட்லெட்டுக்கு மட்டும் ஐந்தே நாள். அதிகமாக ரத்தம் போகும்போது சிவப்பணு மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓட ஆரம்பித்துவிடும், மூன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எத்தனை பை என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு இரண்டு போதும், சிலருக்கு இருபதும் ஆகும். கொடுப்பவருக்கு வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், அக்காவின் ஹீமோகுளோபின் இன்றைக்கு எவ்வளவு? 11க்குக் கீழே இருந்தால் இப்போதே இரும்புச்சத்து டிரிப் போடச் சொல்லிக் கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுகிறார்கள். 12 இருக்கிற தாய்க்கும் 8 இருக்கிற தாய்க்கும் ஒரே அளவு ரத்தம் போனாலும் விளைவு ஒன்றாக இருக்காது. நெகட்டிவ் என்பதால், பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு வேலை செய்யாமல் தடுக்கிற ஆன்டி-டி ஊசியையும் நினைவுபடுத்துங்கள். செலவைப் பற்றிப் பயந்தால், அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வருகிற தாய்க்கு ரத்தம் உட்பட எல்லாம் இலவசம், 2011லிருந்து திட்டமே இருக்கிறது.

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன், என் 29வது வயதில், இரண்டாவது சிசேரியனில் நஞ்சு வராமல் ரத்தம் போய் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை, கண் விழித்தபோதுதான் தெரியும். பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. இப்போது எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது. ‘எல்லாம் எடுத்தாச்சு, இனி கிழவிதான்’ என்று வீட்டிலேயே ஒருவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்படிச் சொன்னவர் சொன்னது தப்பு, மருத்துவப்படியும் தப்பு. கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிடாய் நிற்கும், இன்னொரு பிள்ளை சுமக்க முடியாது, அவ்வளவுதான். பெண் ஹார்மோனைச் சுரக்கிற சினைப்பைகள் வேறு. இந்த மாதிரி அவசர ஆப்பரேஷனில் சாதாரணமாக அவற்றை எடுப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பால் சுரக்கவே இல்லை, அப்புறம் அசதி, குளிர். அளவுக்கு மீறி ரத்தம் போகும்போது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி செத்துவிடலாம். ஷீஹன் நோய் என்று பெயர். தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் உத்தரவு போடுவதே அந்தச் சுரப்பிதான். மற்றவர்களுக்கு மாதவிடாய் திரும்ப வராததை வைத்துச் சந்தேகம் வரும், உங்களுக்குக் கர்ப்பப்பையே இல்லாததால் அந்த அடையாளமும் இல்லாமல் போயிற்று. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எத்தனை பேர் இதை வருடக்கணக்கில் சுமக்கிறார்கள்! எண்டோகிரைன் டாக்டர், அதாவது ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் போய், பிரசவத்தில் நடந்ததை முதலில் சொல்லுங்கள். ரத்தத்தில் காலையில் கார்டிசால் (அட்ரினல் ஹார்மோன்), கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். மட்டும் இல்லாமல் ஃப்ரீ டி4, பால் சுரக்கவைக்கிற புரோலாக்டின் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தால் சரியாக இருக்கிற மாதிரியே காட்டிவிடும். தைராய்டு குறைவு என்று யாராவது மாத்திரை எழுதினால், கார்டிசால் பார்க்காமல் தொடங்க வேண்டாம், இந்த வரிசை முக்கியம். நோய் இதுதான் என்று தெரிந்தால் மாத்திரையிலேயே நன்றாக வாழலாம். வாந்தி, மயக்கம், தலைசுற்றல் என்று திடீரென்று வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற கோபம் நியாயமானது. கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாங்கி, நம்பிக்கையான ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து அன்றைக்கு என்ன நடந்தது என்று நேரம் வாரியாகக் கேளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேருக்காவது மனசு கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் அந்த நாள் திரும்பத் திரும்ப வந்தால் மனநல டாக்டரையும் பாருங்கள்.

கேள்வி: பேத்தி இதே பிரச்சினைக்கு ஆப்பரேஷன் முடிந்து மதுரையிலிருந்து நாளை வீட்டுக்கு வருகிறாள். ஒன்பது பை ரத்தம் ஏற்றியிருக்கிறது. பத்தியம் என்ன கொடுக்கலாம்? பிள்ளைச் செலவு (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து) இடித்து வைத்திருக்கிறேன். - ஒரு ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி, முதல் சில நாள் வயிறு சரியாக இறங்குகிறதா என்று பாருங்கள், காற்றுப் பிரிந்து பசி எடுத்தால் எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று சோறைக் குறைக்காதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள், மூத்திரப்பையில் தையல் இருந்தால் தண்ணீர் நிறையவே வேண்டும். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, ஆட்டு ஈரல், முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுங்கள். மருந்து உருண்டை ஆசைக்கு ஒன்று போதும், அதுவே ரத்தம் ஊற்றிவிடாது. டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை மூன்று மாதமாவது நிறுத்தாமல் கொடுங்கள், எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். காபியையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மூத்திரம் கசிவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் மறுபடி அதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். படுக்கையிலேயே போட்டு வைக்காமல் முகப்புக்கும் வளவுக்கும் தினம் நாலு நடை நடக்கவிடுங்கள், காலில் ரத்தம் கட்டாது.